சைகோன் கை

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பூந்தமல்லி, ஆவடி வட்டாரத்தில் அந்தக் காலத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. வேறு யார் சொல்லப்போகிறார்கள்? கூட ஓட்டினவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். லைசென்ஸை ஒரே தடவையில் வாங்கினேன் என்று பிள்ளைகளிடமும் பேரன்களிடமும் இத்தனை வருஷம் சொல்லி வந்தேன். அது பொய். இரண்டு தடவை போனேன். நடுவில் ஆறு நாள் இருந்ததே, அதை நினைத்தால் இன்றைக்கும் ஓர் இடத்தில் உட்கார முடிவதில்லை.

பிறந்தது காரைக்காலில், பிரெஞ்சுக்காரன் ராஜ்ஜியம். பதினாறு வயதில் கப்பலேறி, அதே பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோன் போனேன். கார் துடைக்கச் சேர்ந்தேன். துடைத்த காரையே ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஒரு வெள்ளைக்கார வியாபாரிக்கு ஏழு வருஷம் டிரைவர். கல்யாணத்துக்காகத்தான் இந்தப் பக்கம் வந்தேன். பெண் பருத்திப்பட்டில். மாமனாருக்கு ஏரிக்குக் கீழே நிலம் இருந்தது. இரண்டு மாதத்தில் அவளையும் கூட்டிக்கொண்டு திரும்புவதாக ஏற்பாடு. அதற்குள் உலகச் சண்டை வந்தது, கப்பல் நின்றது, நானும் மாமனார் வீட்டில் நின்றேன்.

எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது, கவலை மாடு ஓட்டித் தண்ணீர் இறைக்கத் தெரியாது. காலையில் எழுந்து ஏரிக்கரையில் நடப்பேன், வந்து சாப்பிடுவேன், மறுபடி நடப்பேன். என் மனைவியின் அண்ணன் இருக்கிறாரே, என் மச்சான், சோற்றில் நான் கை வைக்கும் நேரம் பார்த்துத்தான் வாயைத் திறப்பார். "இன்னா மாப்ளே, சைகோன்ல நடக்கறதுக்குக் கூலி குடுப்பாங்களா?"

அப்போது பூந்தமல்லி முதலாளி ஒருவர் பழைய பஸ் ஒன்றை வாங்கி, பின்னால் கரியடுப்பு வைத்து, பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் விடப்போவதாகக் கேள்விப்பட்டேன். சண்டைக்காலத்தில் பெட்ரோல் ஏது? கரிப்புகையில்தான் பஸ் ஓடும். நேரே போய், என்னைப்போல் டிரைவர் உங்களுக்குக் கிடைக்கமாட்டான் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார். சைகோன் லைசென்ஸை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு மோட்டார் இன்ஸ்பெக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றாத மனுஷர். என் லைசென்ஸை நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிரெஞ்சு எழுத்து, எப்படிப் பார்த்தாலும் அவருக்கு ஒன்றுதான். இது இங்கே செல்லாது என்றார். நான் வெளி ராஜ்ஜியத்துப் பிரஜையாம். என்னைத் தெரியும் என்று உள்ளூர் ஆள் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டுமாம், முதலிலிருந்து ஓட்டிக் காட்டவேண்டுமாம். தமிழ் பேசுகிறேன், தமிழ்ச்சோறு தின்கிறேன், பருத்திப்பட்டில் பெண் எடுத்திருக்கிறேன், நான் அந்நியனா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. முதலாளி என் தோளை அமுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவருடைய காரிலேயே டெஸ்ட்.

சைகோனில் வண்டி ரோட்டின் வலது பக்கம் போகும். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். இங்கே எல்லாம் நேர்மாறு. ரோட்டில் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது எனக்குப் பத்து நிமிஷத்தில் பழகிவிட்டது. பழகாதது கை. அப்போதெல்லாம் வண்டியில் விளக்கு மினுக்காது; திரும்பவேண்டும் என்றால் டிரைவர் ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டவேண்டும். சைகோனில் ஜன்னல் என் இடது கைப்பக்கம். ஏழு வருஷம் இடது கையைத்தான் நீட்டினேன்.

பூந்தமல்லி கடைத்தெரு முனையில் வலது பக்கம் திரும்பச் சொன்னார் இன்ஸ்பெக்டர். என் இடது கை என்னைக் கேட்காமல் விருட்டென்று நீண்டது. அந்தப் பக்கம் ஜன்னலுக்கு முன்னால் அவர் கன்னம் இருந்தது. தொப்பி வெளியே பறந்து ஒரு கட்டைவண்டிச் சக்கரத்துக்கு அடியில் போனது.

அவர் இறங்கிப்போய் நசுங்கின தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டு வந்தார். கத்தவில்லை.

"அடுத்த வியாழக்கிழமை வா. அந்தக் கையை வூட்டுல வெச்சிட்டு வா" என்றார்.

அன்று வெள்ளி. அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குப் பூஜை. வியாழக்கிழமைக்குள் லைசென்ஸ் வந்தால் நீ, வராவிட்டால் திருமழிசை ஆள் ஒருவன் தயாராக இருக்கிறான் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சேதி எனக்கு முன்னால் பருத்திப்பட்டு போய்ச் சேர்ந்திருந்தது. மச்சான் எனக்கு இடது பக்கம் உட்காருவதையே விட்டுவிட்டார். பரிமாறும்போதுகூடச் சுற்றிக்கொண்டு போவார். நான் சாப்பிடுவதை விட்டேன். ஏரிக்கரையில் நடந்து நடந்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கையை நீட்டிக்கொண்டு போவேன். மாடு மேய்க்கிறவர்கள், இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பார்கள்.

என் மனைவிதான் அதற்கு ஒரு வழி பார்த்தாள். கொல்லையில் என்னை மணை போட்டு உட்காரவைத்து, கையில் முறத்தைக் கொடுத்தாள். முறம்தான் ஸ்டியரிங். அவள் எதிரே நின்று 'வலது' என்பாள், 'இடது' என்பாள். பத்துத் தடவையில் மூன்று தடவை இடது கை கிளம்பிவிடும். புதன்கிழமையும் அதே மூன்றுதான்.

வியாழக்கிழமை காலையில் கோணி ஊசியும் சணல் நூலும் எடுத்து வந்தாள். என் சட்டையின் இடது கைமுனையையும் இடுப்புப் பக்கத் தையலையும் நூல் விட்டு இணைத்தாள். கியர் வரைக்கும் கை போகும், அதற்கு மேல் போகாது. அளந்து பார்த்து முடிச்சுப் போட்டாள்.

"உங்க கை உங்க பேச்சைக் கேக்கலை. என் நூல் பேச்சையாவது கேக்குதா பாக்கலாம்" என்றாள்.

கேட்டது. அரை மைல் தூரம் நன்றாகக் கேட்டது. கடைத்தெருவில் ஒரு எருமை குறுக்கே வந்து நின்றது. பிரேக்கை மிதித்தேன், கியரை அவசரமாக இழுத்தேன், சட்டைக்குள் நூல் அறுந்தது எனக்கு மட்டும் கேட்டது. எருமை நகர்ந்தது. அடுத்தது அதே முனை. வலது பக்கம் திரும்பு என்றார் இன்ஸ்பெக்டர். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு கதவோடு சாய்ந்துகொண்டார்.

இடது கை கியரை விட்டு ஒரு சாண் எழுந்தது. பார்த்தேன். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும், தமிழ், பிரெஞ்சு, சைகோன் பாஷை மூன்றிலும், அந்தக் கைக்கு மனசுக்குள் சொன்னேன். அது கீழே இறங்கிக் கியர் குமிழைப் பிடித்துக்கொண்டது. வலது கை வெளியே போனது. பின்னால் வந்த வண்டிக்காரன் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தான். திரும்பினேன்.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவர் தொப்பியை விட்டார்.

"எங்கய்யா அந்தக் கை?"

"வூட்டுல வெச்சிட்டு வரச் சொன்னீங்களே."

அவர் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பஸ்ஸுக்கு மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, கரியடுப்பு புகைய பஸ்ஸை எடுத்தேன். பருத்திப்பட்டு வந்ததும் வீட்டு ஜனம் மொத்தமும் ஏறியது. எனக்கு இடது பக்கத்து இடத்தை மச்சானுக்காகத்தான் காலியாக வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், பின்னால்தான் காற்று நன்றாக வரும் என்று போய்விட்டார்.

என் மனைவி வந்து அங்கே உட்கார்ந்தாள். ஏரிக்கரைத் திருப்பம் வலது பக்கம். நான் கையை நீட்டித் திரும்பும்போது அவள் சாயவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை.