திருத்தணிப் படியில் பாவா தள்ளாடிய நாள்

என் கல்யாணப் பந்தியில், குடித்தே அறியாத என் அப்பாவைக் குடிகாரன் என்று சொல்லி எழுப்பிவிட்டார் அக்காள் கணவர். அந்தப் பாவாவை ஊர்முன் தலைகுனிய வைக்கக் காத்திருந்தேன்.

எழுபதுகளில் ஓர் ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலைப்படியில் பாவா தள்ளாடி உளறினார். “பாருங்க, குடிச்சிக்கினு கோயிலுக்கு வந்திருக்காரு!” என்று கூட்டம் சேர்த்தேன். சிலர் அடிக்கவே வந்தார்கள். எனக்கு உள்ளம் குளிர்ந்தது.

பூ விற்கும் அம்மா ஒருவர் அவர் நெற்றியைத் தொட்டார். “வேர்த்துக் கொட்டுதே. சர்க்கரை மாத்திரை போடறவரா?”

“ஆங். காலைல போட்டாரு. இன்னிக்கு விரதம்” என்றேன்.

“மாத்திரை போட்டுட்டு பட்டினி கெடக்கலாமா? என் வீட்டுக்காரரும் இப்படித்தான் வுழுந்தாரு.” சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினார்.

தெளிந்த பாவா என் கையைப் பிடித்து, “தப்பா ஏதாச்சும் பேசிட்டனா? மன்னிச்சிக்கோப்பா” என்றார்.

அவரிடம் சாராய வாடையே இல்லையென்று தெரிந்துதான் கத்தினேன். அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.