பர்ச்சேஸுக்கு வந்த பீட்சா அடுப்பு

ஒரகடத்தில் பிளாஸ்டிக் மோல்டிங் செய்யும் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் அசிஸ்டென்டாக இருக்கிறேன். பத்தாவது வரை படித்தவன். கையுறை, பேரிங், ஹைட்ராலிக் ஆயில், பாத்ரூம் கழுவும் ஆசிட் என்று எது கேட்டாலும் வாங்கிக் கொடுத்துவிடுவேன். அதிகம் பேசத் தேவையில்லை என்பதால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்தும் போனது. பர்ச்சேஸுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிய சாதனை எதுவும் இல்லை. ஒரு பீட்சா அடுப்பு வாங்கிய கதை இருக்கிறது.

கேட்டது யார், எதற்கு

எங்கள் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் சுங்குவார்சத்திரம் பக்கம் ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள். ஒரு வருடம் சிறந்த லைன் என்று அவர்களுக்குப் பரிசு கிடைத்தது. ஏலகிரியில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கும் டூர். "சாப்பாடு நாங்களே சமைச்சுக்கிறோம்" என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். ஹாஸ்டல் அறையில் அடுப்பு வைக்க அனுமதி கிடையாது. காலையில் வண்டியில் வரும் இட்லியிலிருந்து ராத்திரி சப்பாத்தி வரை எல்லாம் கேட்டரிங்தான்.

எச்.ஆரில், சமையல் என்றால் பீட்சாவாக இருக்கட்டும், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும் என்று முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு போர்ட்டபிள் பீட்சா ஓவன் வாங்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபைனல் பண்ணுங்க. இல்லன்னா நம்ம கேன்டீன்லயே பார்சல் கட்டி அனுப்பிடலாம்னு எச்.ஆர். சொல்லிட்டாங்க."

நான் அதுவரை பீட்சா சாப்பிட்டதே இல்லை. அதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. "சரி சார்" என்று வந்துவிட்டேன்.

எத்தனை வகை

போனில் தேடினால் கேஸில் ஓடுவது, கரியில் ஓடுவது, விறகில் ஓடுவது, கரண்டில் ஓடுவது என்று வந்துகொண்டே இருந்தது. ஒன்றில் 'பெல்லட்' போட வேண்டும் என்று இருந்தது. எங்கள் கம்பெனியில் பெல்லட் என்றால் மெஷினில் போட்டு உருக்கும் பிளாஸ்டிக் குருணை. அதை எரித்தா சாப்பிடுகிறார்கள் என்று பயந்துபோனேன். அது மரத்தூளை அழுத்திச் செய்த குச்சி என்று பிறகுதான் தெரிந்தது.

ஒன்று லேசாக இருந்தது, ஆனால் உள்ளே வைக்கும் கல் சின்னது. இன்னொன்றில் கல் பெரியது, தூக்க இரண்டு பேர் வேண்டும். அதையும் போர்ட்டபிள் என்றுதான் எழுதியிருந்தான். கரண்ட் அடுப்புக்கு ஏலகிரி கூடார முகாமில் பிளக் பாயின்ட் இல்லை. கேஸ் என்றதும் சேஃப்டி ஆபீசர் குணசேகர் குதித்தார்.

"இன்னாண்ணே, ஆளுங்க உக்காந்துகினு போற பஸ்ல சிலிண்டர் ஏத்துறியா? என் வேலைக்கே உல வெக்கிற."

முகாம் நடத்துபவர்களே சிலிண்டர் தருவதாகப் போனில் சொன்னார்கள். உடனே கேஸ் மறுபடி பட்டியலுக்குள் வந்தது. ஒவ்வொரு பதிலும் என்னைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியது. லைன் பெண்களிடம் போய் "உங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டிருக்கலாம். ஷிஃப்ட் விடும்போது இரண்டு முறை கேட் வரை போனேன். கும்பலாக வந்தார்கள். நான் நோட்டீஸ் போர்டு படிப்பதுபோல் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

ட்ரையல்

எங்கள் கம்பெனியில் ட்ரையல் பார்க்காமல் எந்த மெஷினையும் எடுப்பதில்லை. எனக்கு இருந்த ஒரே தைரியம் அதுதான். அடுப்பு விற்கும் வெண்டார் இரண்டு அடுப்புகளைக் கொண்டுவந்தார். ஸ்கிராப் யார்டுக்குப் பக்கத்தில், தீயணைப்புக் குழாய் இருக்கும் இடத்தில் வைத்தோம். மேனேஜர், குணசேகர், லைன் லீடர் காளீஸ்வரி, கூட நான்கைந்து பெண்கள் வந்தார்கள். காளீஸ்வரிக்கு விருதுநகர் பக்கம். மாவு கேன்டீன் மாஸ்டர் பிசைந்து தந்தது.

முதலில் கேஸ் அடுப்பு. உள்ளே கல் பேட்டரியில் தானாகச் சுற்றியது. வெண்டார் பீட்சாவை வைத்தார், கையைக் கட்டிக்கொண்டார், எடுத்தார். படத்தில் இருப்பதுபோலவே வந்தது. மேனேஜர் கைதட்டினார். பெண்கள் ஆளுக்கொரு துண்டு தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்கள்.

"இதுல நாங்க என்ன செய்யணும்?" என்றாள் காளீஸ்வரி.

"ஒண்ணுமே செய்ய வேணாம்மா. வெச்சா போதும், அதுவே பாத்துக்கும்" என்றார் வெண்டார்.

"அப்ப நாங்க தட்டோட வரிசையில நிக்க வேண்டியதுதான்."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். காளீஸ்வரி சிரிக்கவில்லை. நன்றாக வந்த பீட்சாவுக்கு ஏன் முகம் வாடுகிறது என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்தது விறகு அடுப்பு. பின்பக்கம் சின்னச் சின்னக் கட்டைகளைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். புகை வந்தது, அணைந்தது, மறுபடி பற்றியது. கல் சூடேற வெகுநேரம் ஆனது. வெண்டார் பீட்சாவை உள்ளே தள்ளி, "ஒண்ணரை நிமிஷம்" என்றார். அப்போது அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே தள்ளிப் போய்விட்டார்.

எங்கள் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. சைக்கிள், அதாவது மெஷினின் ஒரு சுற்று, முடியும் வரை உள்ளே கை விடக்கூடாது. அதனால் நாங்கள் எல்லோரும் இரண்டடி பின்னால் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றோம். யாரும் சொல்லாமலே நின்றோம். தீ இருக்கும் பக்கம் பீட்சா கறுக்க ஆரம்பித்தது. எல்லோரும் பார்த்தோம். யாரும் அசையவில்லை.

"சார், கருகுது" என்றாள் ஒருத்தி.

"இருங்கம்மா, சைக்கிள் முடியட்டும்" என்றார் குணசேகர்.

விளிம்பில் தீயே பிடித்துக்கொண்டது. "அட இன்னா இது, பத்திக்கினு எரியுது!" என்று அவரே தோல் கையுறையை மாட்டிக்கொண்டு பாய்ந்தார். நீளக் கரண்டியை விட்டு பீட்சாவைத் திருப்பினார். திருப்பிய வேகத்தில் மறுபக்கம் தீக்குள் போய்விட்டது.

"சார், சைக்கிள் முடியலியே சார்!" என்று பெண்கள் கூச்சல் போட்டார்கள்.

அதற்குப் பிறகு வரிசை கலைந்துவிட்டது. வெண்டார் ஓடிவந்து, திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். காளீஸ்வரி கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏட்டி, விறகத் தள்ளு. போதும், போதும்! திருப்பு, அந்தப் பக்கம்!" அடுத்த பீட்சா பாதி வெந்தது. அதற்கடுத்தது பரவாயில்லை. ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்தும் ஒருத்தியும் நகரவில்லை.

மேனேஜர் அறையில்

எல்லா விதத்திலும் கேஸ் அடுப்புதான் மேல். விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மேனேஜர் அதற்கே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

"சார், விறகு அடுப்ப எடுத்துக்கலாமா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"கருகிப் போனதுக்கா? காரணம் சொல்லுங்க."

காரணம் என்னிடம் ஒழுங்காக இல்லை. "அதுல வேலை இருக்குது சார்" என்றேன்.

"வேலை வெக்கிற மெஷின எவனாவது காசு குடுத்து வாங்குவானா?"

"அவங்க சமைக்கணும்னுதான் கேட்டாங்க சார். கேஸ் அடுப்புன்னா கேன்டீன் மாதிரியே ஆயிடும்."

கூட நின்ற குணசேகர் மெல்ல, "சார், கருகினதுல பாதி நான் கருக்கினது. மண்ணு பக்கெட்டு, தீயணைக்கிற சிலிண்டர் ரெண்டு குடுத்து, கூட ஒரு ஆள அனுப்பினா எனக்கு ஓகே" என்றார்.

மேனேஜர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அந்த ஆளு நீங்கதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஏலகிரியில்

நான் மணல் பக்கெட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மாவு தேய்த்தார்கள், சண்டை போட்டார்கள், பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டார்கள். காளீஸ்வரி ஒரு துண்டைத் தட்டில் கொண்டுவந்து நீட்டி, நான் மெல்லும்வரை அங்கேயே நின்றாள்.

"எப்படிண்ணே இருக்கு?"

பீட்சா எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியாது. வாயில் பட்டதைச் சொன்னேன்.

"வெங்காயம் கொஞ்சம் வேகல."

சொன்ன பிறகுதான் தப்போ என்று தோன்றியது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. "தாங்க, வேற போட்டுத் தாரேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டு, "ஏய், அண்ணனுக்கு வெங்காயம் வேகலையாம், தீயக் கூட்டு!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

அன்றிலிருந்து எதை வாங்கினாலும் விலை, எடை, கேரன்டியோடு இன்னொன்றையும் கேட்கிறேன். இதில் ஆளுக்குக் கை வேலை இருக்க வேண்டுமா, இருக்கக்கூடாதா? மெஷின் என்றால் பெரும்பாலும் இருக்கக்கூடாது. எப்போது இருக்க வேண்டும் என்பது எனக்கு இன்றும் பிடிபடவில்லை. அதனால் கேட் வரை போய், கூச்சத்தோடு, அதை வைத்து வேலை செய்யப்போகிறவர்களிடமே கேட்டுவிடுகிறேன்.