நடுவில் வந்த ‘முற்றும்’

1. வால்

பூந்தமல்லி அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராகச் சேர்ந்த முதல் நாள், கல்யாணப் பத்திரிகை கோக்கச் சொல்வார்கள் என்று நினைத்துப் போனேன். முதலாளி கையில் திணித்தது ஒரு கடல்கன்னியின் காதல் கதை. எழுதியவரும் அவர்தான். வெள்ளைக்காரன் காலம் அது. வாரம் ஒரு பகுதியாக நாவல் அச்சடித்துச் சந்தையிலும் ரயிலடியிலும் விற்பார்கள்.

கதை இதுதான். பதினாறு வயதுக் கடல்கன்னி ஒருத்தி, அடையாற்று வெள்ளத்தில் எதிர்நீச்சல் போட்டுச் செம்பரம்பாக்கம் ஏரிக்கு வந்துவிடுகிறாள். தண்ணீரில் உப்பே இல்லை என்று கரையில் நின்ற பையனிடம் சண்டை பிடிக்கிறாள். அவன் வீட்டிலிருந்து உப்பு மடித்துக் கொண்டுவருகிறான். அங்கே பற்றிக்கொண்டது காதல். அடுத்த வாரம் வாலைக் கம்பளியால் மூடி அவளை ஜட்காவில் ஏற்றுகிறான். வண்டிக்காரன் மீன் வாடைக்குத் தனிக் கூலி கேட்கிறான். ‘கன்னி, கன்னி’ என்று கோத்தே என் கேஸில், அதுதான் ஈய எழுத்துப் பெட்டியில், ‘ன்’ தீர்ந்துபோகும்.

கரையான்சாவடி ஜட்காக்காரர் ஏழுமலைக்கு எழுத்து வாசனை கிடையாது. சவாரி ஏறுகிறவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். என்னைக் கண்டால் போதும், குதிரையை நிறுத்திவிடுவார்.

“இன்னாபா, வால்காரி இந்த வாரம் இன்னா பண்றா?”

அச்சடித்த தாளை, எங்கள் பேச்சில் பாரத்தை, மடித்துத் தைக்கும் ரோஸம்மாள்தான் எங்கள் முதல் வாசகி. மிஷன் பள்ளியில் படித்தவள். மடிக்கும் முன் நின்றபடியே படித்துச் சிரிப்பாள். அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று ஒருநாள் கேட்டேன்.

“மத்த நாவல்ல பொண்ணுங்க மொதல் பக்கத்துலியே அழ ஆரம்பிச்சிடுதுங்கண்ணே. இவ ஒருத்திதான் சிரிச்சிகினு கீறா. அதுக்கே இன்னொரு தபா படிக்கலாம்.”

2. பெரிய மனிதர் வந்தார்

கடைசிப் பகுதியில் இரண்டு அரைப் பாரம். முதல் பாதியை அச்சடித்தாகிவிட்டது. நிலா வெளிச்சத்தில் ஏரி நடுவிலிருந்து அவள் எழுந்து வருகிறாள், பையன் கழுத்தில் மல்லிகை மாலையைப் போடுகிறாள். மாலையை அவளே போட்டதில் எனக்குச் சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்து ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் வந்தார். அவர் மகள் பாடப் புத்தகத்துக்குள் எங்கள் கடல்கன்னியை வைத்துப் படித்து மாட்டிக்கொண்டாளாம்.

“பொண்ணுங்க கெட்டுப்போவுதுய்யா! ஒரு நீதி வேணாம் கதையில?”

முதலாளி மென்மையான ஆள். பயந்துபோய், நீதியோடு முடிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் மாற்றி எழுதித் தந்த இரண்டாம் பாதியில் கடல்கன்னி மனம் திருந்தி, பெரியோர் சொல்லை மீறியதற்கு மூன்று பக்கம் அழுது, ஏரியில் மூழ்கி மறைகிறாள். முற்றும். அதைக் கோக்கும்போது எனக்கு எரிச்சலாக இருந்தது.

செய்தி ஏழுமலை காதுக்குப் போய்விட்டது. நேரே அச்சுக்கூட வாசலுக்கே வந்தார்.

“அவ பூட்டான்னு வை, உங்க பொஸ்தகத்த இந்த ரோட்டுல ஒருத்தனும் தொடமாட்டான், ஆமா.”

அது வெறும் மிரட்டல் இல்லை. அந்த நாவல் விற்பதை நம்பித்தான் அச்சுக்கூடமே ஓடிக்கொண்டிருந்தது. கடைசிப் பகுதி படுத்துவிட்டால் மெஷினை விற்பதைத் தவிர வழியில்லை என்று முதலாளியே சொன்னார். ஆனாலும் பெரிய மனிதருக்குக் கொடுத்த வாக்கை மாற்ற மாட்டேன் என்றார்.

ரோஸம்மாள் தன் தையல் பலகைக்குப் போனாள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

3. தையல்

எங்கள் வாரப் பகுதிகளில் பக்க எண் போடும் வழக்கமில்லை. எது முன்னால், எது பின்னால் என்று தைப்பவருக்குத் தெரிய, பாரத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘அ’, ‘ஆ’ என்று இருக்கும். அதை வாசகர் யாரும் பார்ப்பதில்லை.

பகுதி கடைக்குப் போன மறுநாள் ஏழுமலை ஜட்காவை விட்டுக் குதித்து ஓடிவந்தார். இன்றைக்கு அடிதான் என்று நான் கேஸுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் முதலாளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நைனா! முற்றும்னு போட்டு எங்கள அழ வுட்டியே! தலையில கைய வெச்சிகினு குந்திகினு இருந்தா, அடுத்த பக்கத்துல தண்ணியிலேர்ந்து எழுந்து வந்து மாலைய போடுறா! எவனுக்குய்யா வரும் இந்த ரோசனை?”

முதலாளி ஒரு பிரதியைப் பிரித்தார். ‘ஆ’ முன்னால், ‘அ’ பின்னால். ஒரு சொல்கூட மாறவில்லை. மூழ்கிப் போனவள் திரும்பி வந்திருந்தாள். எல்லாப் பிரதியும் அப்படித்தான்.

“என்ன ரோஸம்மா இது?”

“அய்யய்யோ, கை மாறிப்போச்சுங்களே!” என்றாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

அதற்குள் வாசலில் கூட்டம். பெரிய மனிதரும் வந்தார். நீதி முழுதாக மூன்று பக்கம் இருப்பதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வீட்டில் மகள் கேட்டாள் என்று இன்னொரு பிரதி வாங்கிப் போனார். முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அது ஒரு உத்திங்க” என்றார். மெஷின் பிழைத்தது. நாங்களும் பிழைத்தோம்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: தைக்கிறவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் முதலாளி அதை அன்றே கற்றுக்கொண்டார். அடுத்த நாவலுக்கு ‘முற்றும்’ கோக்கட்டுமா என்று நான் கேட்டபோது, அவர் என்னைப் பார்க்கவில்லை.

“ரோஸம்மா, போட்டுடலாமா?” என்றார்.