பெற்றீசியா நிறுத்திவைத்த குரல்

கண்டி மஹய்யாவையில் பெற்றீசியாவை 'பேண்ட் மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குப் பாட வராது, ஒரு வாத்தியமும் தெரியாது. பயண ஏற்பாட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவர். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தயங்காமல் பேசுவார். தேவாலயத் திருவிழாவில் கீபோர்ட் வாசித்த ரொஹானுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் முதலில் போனில் பேசி நிகழ்ச்சி பிடித்துக் கொடுத்தார். பிறகு வேன் பிடிப்பது, சவுண்ட்காரரோடு சண்டை போடுவது எல்லாம் அவர் தலையில் விழுந்தது.

தெல்தோட்டையிலிருந்து பாலாம்பிகை பாட வந்த பிறகுதான் பேண்டுக்குப் பெயர் கிடைத்தது. கல்யாணம், கோயில், பாடசாலை விழா என்று ஓய்வில்லாமல் கூப்பிட்டார்கள். பெற்றீசியா ஒன்றையும் மறுக்கவில்லை.

கண்டியில் பெரிய மேடை ஒன்று அமைந்தது. அதை நடத்தும் கொழும்பு ஏற்பாட்டாளருக்குப் பிடித்துப்போனால் அடுத்தது துபாய். அதற்கான ஒத்திகையில்தான் பாலாம்பிகையின் குரல் நடுவில் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பாடினாள். வெறும் காற்றுதான் வந்தது.

தொண்டை டாக்டர் உள்ளே கெமரா விட்டுப் பார்த்தார்.

"குரல் நாண் வீங்கியிருக்கு. ஊசி போட்டா நிகழ்ச்சி அன்னைக்குச் சமாளிக்கலாம். ஆனா அப்படிப் பாடி உள்ள ரத்தம் கசிஞ்சா, இதே குரல் திரும்பி வரும்னு நான் சொல்ல மாட்டேன். இப்போதைக்குப் பேசவே கூடாது."

வெளியே வந்ததும் பாலாம்பிகை போனில் எழுதிக் காட்டினாள்: 'ஊசி போடுவோம் அக்கா.'

கூட வந்திருந்த ரொஹானும் அதையேதான் சொன்னான். "இல்லாட்டி ரெக்கோட் பண்ணினத போட்டுட்டு வாய அசைக்கட்டும். இத விட்டா நம்மள யாரு கூப்பிடுவாங்க?"

பெற்றீசியாவுக்குத் தெரியும், அவன் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் முப்பது வருஷம் பாட வேண்டியிருக்கிறதே. டாக்டரின் வாசலில் நின்றபடியே ஏற்பாட்டாளரை அழைத்தார்.

"எங்களால வர முடியாது. பாடகிக்கு உடம்பு சரியில்ல."

"கடைசி நேரத்துல இப்படிச் சொன்னா எப்படி? இனி உங்க பேண்ட் பேரையே என்கிட்ட எடுக்காதீங்க." அவர் போனை வைத்துவிட்டார்.

பாலாம்பிகை வேகமாக எழுதினாள்: 'நீங்க பாடுறவங்க இல்ல. உங்களுக்கு இது எப்படிப் புரியும்?' பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த வாரமே ரொஹான் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வேறு பேண்டுக்குப் போனான். அவர்கள்தான் அந்த மேடையில் ஏறினார்கள்; துபாயும் போனார்கள்.

பெற்றீசியா ஞாயிறுதோறும் தெல்தோட்டைக்குப் பஸ் ஏறினார். பாலாம்பிகை தேநீரை நீட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். டாக்டர் சொன்னதற்காகவா, கோபத்திலா என்று தெரியவில்லை. குரல் திரும்பாவிட்டால்? மேடையையும் பறித்தோம், குரலும் போயிற்று என்றாகிவிடுமே. தேவாலயப் பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் அதே நினைப்புதான்.

டாக்டர் பாட அனுமதித்த அன்று பெற்றீசியாவுக்கு எதிரே உட்கார்ந்து பாலாம்பிகை மெல்ல முனகிப் பார்த்தாள். கீழ்ச்சுரங்கள் தெளிவாக வந்தன. மேலே போனதும் குரல் பிசிறியது. அவள் கண் நிறைந்தது.

"மேல எட்டலக்கா."

"எட்டுற இடத்துல பாடு. சுருதியக் குறைப்போம். எட்டாத பாட்ட விட்டுடுவோம்."

அப்படித்தான் மறுபடி தொடங்கினார்கள். ஸிபான் என்பவர் கீபோர்டுக்கு வந்தார். பெரிய மேடைகள் திரும்பவில்லை. நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஓய்வு நாள் விட்டுத்தான் பெற்றீசியா இப்போது ஒப்புக்கொள்கிறார். வேனில் பாலாம்பிகை இருமினால் இன்றும் அவர் சட்டென்று திரும்பிப் பார்க்கிறார். ரொஹான் பேஸ்புக்கில் துபாய்ப் படங்களைப் போடும்போது, செய்தது சரிதானா என்று அன்று முழுக்க மனம் அரிக்கும்.

போன மாதம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு கல்யாணம். விருந்து நீண்டது. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் பாடச் சொல்லி வற்புறுத்தினார்கள். பெற்றீசியா எழுந்து வருவதற்குள் பாலாம்பிகையே மைக்கில் சொன்னாள்:

"மன்னிச்சுக்குங்க, இன்னைக்கு இவ்வளவுதான். இனியும் ரொம்ப வருஷம் நான் பாடணும்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பெற்றீசியா மேடைக்குப் போய் ஸ்பீக்கர் வயர்களைச் சுற்றத் தொடங்கினார்.