ஒரே கீறல்

என் தங்கையை வீட்டில் சில்லு என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவுக்குக் கண்ணாடி வெட்டும் கடை. தவழ்கிற வயதிலேயே உடைந்த சில்லுகளைப் பொறுக்கப் போய் வாங்கிக்கொண்ட பெயர் அது. பள்ளி விட்டதும் பையை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, அப்பாவுக்கு எதிரே நின்று கண்ணாடியின் மறுமுனையைப் பிடிப்பாள். கடைசி வகுப்புக்கு வருவதற்குள் ஜன்னல் கண்ணாடிகளை அவளே வெட்டத் தொடங்கியிருந்தாள்.

அந்த வேலையில் ஒரே கீறல்தான். அதே கோட்டில் கருவியை மறுபடி ஓட்டினால் கண்ணாடி கோணல்மாணலாக உடையும். கீறியதும் மேசை விளிம்பில் வைத்து ஓர் அழுத்து, இரண்டாகிவிடும்.

கட்டடக்கலைப் படிப்புக்குப் பெயர்போன பல்கலைக்கழகம் ஒன்றில் மட்டுமே விண்ணப்பித்தாள். மாமாவுக்குத் தலை சுற்றியது. காப்பீட்டு அலுவலகத்தில் இருப்பவர், எதையும் சதவீதத்தில்தான் பார்ப்பார்.

"போன வருஷம் சேர்ந்தவங்க மார்க்கைப் பாரு, உன் மார்க்கைப் பாரு. தாராளமா போட்டாலும் முப்பது பர்சென்ட்தான்."

"பாதி மார்க் செய்முறைத் தேர்வுக்கு மாமா. உள்ள விட்டாங்கன்னா போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"வாய் மட்டும் நூறு பர்சென்ட்!" என்றார் மாமா.

தேர்வன்று ஆளுக்கொரு கெட்டி அட்டை, ஒரு கத்தி. பேசிக்கொள்ள விரும்பாத இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கும் ஓர் இடத்தின் மாதிரியைச் செய்ய வேண்டும். சில்லு அளந்தாள், ஒரே கீறல் போட்டாள், மேசை விளிம்பில் வைத்து அழுத்தினாள். அட்டை உடையவில்லை, மடிந்தது. யோசிப்பதற்குள் கை அடுத்த கோட்டையும் அப்படியே கீறி அழுத்திவிட்டது. பக்கத்தில் எல்லாரும் அதே கோட்டில் நாலைந்து முறை கத்தியை இழுத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு அட்டை தர மாட்டார்கள்.

கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தாளாம். மடிந்த அட்டை பசையில்லாமல் தானாக நின்றது. சரி, இனி வெட்டுவதே இல்லை என்று முடிவு செய்தாள். ஒரே அட்டை, மடிப்புகள் மட்டும். நடுவில் ஒரு சுவர், அதற்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், இருவருக்கும் ஒரே கூரை.

நேர்காணலில் பேராசிரியை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, எங்கயுமே வெட்டலையே. முதல்லயே இப்படித்தான் செய்யணும்னு நினைச்சியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"இல்ல மேடம். முதல் ரெண்டு மடிப்பு தப்பா வந்தது. எங்க வீட்ல கண்ணாடி வெட்டுவோம், அந்தப் பழக்கத்துல அட்டையையும் உடைக்கப் பாத்தேன். மூணாவதுலேர்ந்து வேணும்னே செஞ்சது."

"அந்த ரெண்டு எது, காட்டு."

காட்டினாள். பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நானா இருந்தா இந்த மூணாவதைத்தான் தப்புன்னு சொல்லியிருப்பேன்."

"அது கொஞ்சம் கோணல்தான் மேடம்," என்றாள் சில்லு. "ஆனா வேணும்னே செஞ்ச கோணல்."

வீட்டில் இதைக் கேட்டதும் மாமா காப்பியைக் கீழே வைத்துவிட்டார். "தப்புன்னு உன் வாயாலேயே சொன்னியா? போச்சு! இனிமே அஞ்சு பர்சென்ட்கூடத் தேறாது."

அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். "அட்டையைப் போய் உடைக்கப் பாத்தியாடி? நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

சில்லு மட்டும் கலங்கவில்லை. "கிடைக்கும்பா. அந்த மேடம் நான் செஞ்ச மாதிரியைக் கீழேயே வைக்கல, தெரியுமா?"

முடிவு வந்த அன்று கடையில் அவளும் அப்பாவும் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். மேசைமேல் அவள் கைபேசி சிணுங்கியது. இருவராலும் கையை எடுக்க முடியாது. உட்கார்ந்திருந்த மாமாதான் எடுத்துப் படித்தார். படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். கண்ணாடி வழியாக இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன மச்சான், இப்ப எத்தனை பர்சென்ட்?" என்றார் அப்பா.

மாமா கைபேசியை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "நூறு."

"கையை விட்டுடாதே!" என்று கத்தினார் அப்பா.

சில்லு விடவில்லை. கண்ணாடியைச் சட்டத்தில் பத்திரமாகச் சாய்த்து வைத்த பிறகுதான் குதித்தாள்.