ஹோபார்ட்டுக்குப் போன கறிவேப்பிலைக் கன்று

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நாங்கள் குடும்பத்தோடு ஹோபார்ட்டுக்கு உல்லாசப் பயணம் போனோம். அதை உல்லாசப் பயணம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பது நான் ஒருத்திதான். அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா டீ போடப் போய்விடுவார். அம்மாவுக்குத் திடீரென்று மடிக்க வேண்டிய துணிகள் ஞாபகம் வந்துவிடும்.

அப்போது சிட்னிக்கு மேற்கே குவேக்கர்ஸ் ஹில்லில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா வேலை பார்த்த கம்பெனி ஆட்களைக் குறைத்தது. குறைக்கப்பட்டவர்களில் அப்பாவும் ஒருவர். எங்கள் மூன்று பேருடைய விசாவும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. கெடுவுக்குள் வேறொரு முதலாளி ஸ்பான்சர் செய்யாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மதுரைக்குத் திரும்ப வேண்டியதுதான். சிட்னியிலும் மெல்போர்னிலும் அப்பா கேட்ட இடத்திலெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் சரி என்று சொன்னது ஹோபார்ட்டில் ஒரு சின்ன அலுவலகம். அவர்களும் ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். ஆறு மாதம் கழித்து வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை இருந்தது, எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. எல்லாவற்றையும் உதறிவிட்டு மூன்று பேரும் போய் அங்கே நடுத்தெருவில் நிற்பதற்குப் பதிலாக, அப்பா மட்டும் முதலில் போகட்டும் என்று முடிவு செய்தார்கள்.

இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்ட விஷயங்கள். அன்றைக்கு என்னிடம் சொன்னது, பள்ளி விடுமுறைக்கு ஊர் சுற்றப் போகிறோம் என்பது மட்டும்தான். மறைத்ததற்கு அவர்களிடம் நியாயம் இருந்தது. அதற்கு முன்பு அப்பா வேலை விஷயமாகப் பெர்த்துக்குப் போனபோது, அவர் திரும்பி வரும்வரை நான் காய்ச்சலில் படுத்துக்கிடந்தேனாம். ஆகவே போகிற இடத்தைச் சந்தோஷமாகக் காட்டிவிட்டு, அப்பாவை அங்கே நைசாக விட்டுவிட்டு வந்துவிடுவது என்பது அம்மாவின் திட்டம். குழந்தைக்கு மிட்டாயைக் கொடுத்துக்கொண்டே ஊசி போடுவார்களே, அந்த வகை.

பயணத்துக்கு முன்பு அப்பா கம்ப்யூட்டரில் ஒரு விளம்பரத்தைத் திறந்து எனக்கு வாசித்துக் காட்டினார். நிம்மதியாக ஓய்வெடுக்க அழகான, பழமையான தென்கோடி நகரம் என்று அதில் போட்டிருந்தது. கடற்கரையோரம் மஞ்சள் கல் கட்டடங்கள், பின்னால் தலையில் பனி படிந்த ஒரு மலை. எவ்வளவு பழமை என்று கேட்டேன். இருநூறு வருஷம் இருக்கும் என்றார் அப்பா. சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்து, “நம்ம ஊர்ல இதைவிடப் பழைய கட்டடத்துல சைக்கிள் ஸ்டாண்ட் வச்சிருப்பாங்க” என்றார். அம்மா சிரிக்கவில்லை. அவள் அப்போது அரிசியை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு ஏன் சந்தேகமே வரவில்லை என்று பிற்பாடு நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பெரிய பெட்டிகள், பிரஷர் குக்கர், தோசைக்கல், ஒரு மூட்டை அரிசி, சாம்பார்ப்பொடி, ரசப்பொடி, மூன்று வகை ஊறுகாய், இத்தனையும் மூன்று நாள் பயணத்துக்குப் போனால் எந்தக் குழந்தைக்கும் சந்தேகம் வரத்தானே வேண்டும்? எனக்கு வரவில்லை. ஏனென்றால் நாங்கள் ப்ளூ மவுண்டன்ஸுக்கு ஒரே ஒரு ராத்திரி தங்கப் போனபோதும் குக்கர் வந்தது. கான்பராவில் பூ பார்க்கப் போனபோது இட்லிப் பாத்திரம் வந்து, தங்கிய அறையில் நெருப்பு மணியை அடிக்க வைத்தது. எங்கள் தெருவில் இருந்த எல்லாத் தமிழ்க் குடும்பத்தினரும் இப்படித்தான் ஓய்வெடுக்கப் போனார்கள். உல்லாசத்துக்கும் வீடு மாறுவதற்கும் எங்களுக்கு மூட்டை ஒன்றுதான். அம்மாவின் ரகசியத்தை அந்த வழக்கம் அழகாகக் காப்பாற்றிக் கொடுத்தது.

புறப்படுகிற அன்று காலையில் பக்கத்து வீட்டு அன்ரி ஒரு தயிர் டப்பாவோடு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். தயிர் டப்பாவில் மண் நிரப்பி, ஒரு சாண் உயரத்தில் கறிவேப்பிலைக் கன்று வைத்திருந்தார். எங்கள் கொல்லையில் நின்ற செடியும் முன்பு அவர் கொடுத்ததுதான். அப்பாவை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

“தம்பி கொண்டு போகட்டும் பிள்ளை. அங்க உதெல்லாம் வாங்கேலாது. ஜன்னல் பக்கமா வெய்யில் படுற மாதிரி வைக்கச் சொல்லுங்கோ” என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என் தலையைத் தடவி, “அப்பாவோட நல்லா விளையாடிப்போட்டு வா, என்ன?” என்றார். நான் ஓகே அன்ரி என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவருக்கு ஊசியிலை மரங்களின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும், ஆகவே நான் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா அந்தக் கன்றை அப்பாவின் கம்பளிச் சட்டையில் சுற்றி, கைக்குழந்தையைப் படுக்க வைப்பது போல அவருடைய தோள்பைக்குள் வைத்தாள். இலை கசங்காமல் இருக்க மேலே என்னுடைய தொப்பியைக் கவிழ்த்தாள். வெளிநாட்டிலிருந்து வரும்போது செடிகொடி கொண்டுவரக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் இது உள்நாட்டுப் பயணம். சிட்னியிலிருந்து ஹோபார்ட்டுக்குப் போவது மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போவது மாதிரி என்றுதான் அம்மா நினைத்தாள். ஹோபார்ட் இருக்கும் டாஸ்மேனியா தீவுக்குத் தனியாக ஒரு காவல் உண்டு என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் காவல் ஒரு நாய். காதுகள் தொங்கும், பச்சை நிறச் சட்டை போட்ட நாய். ஹோபார்ட் விமான நிலையத்தில் இறங்கி நாங்கள் பெட்டிக்காகக் காத்து நின்றபோது ஒரு பெண் அதிகாரியோடு அது வரிசையாக எல்லோருடைய பைகளையும் முகர்ந்துகொண்டு வந்தது. அப்பாவின் தோள்பைக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று உட்கார்ந்துகொண்டது. எனக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. இத்தனை பேரில் அதற்கு எங்களைத்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

அதிகாரி மரியாதையாகத்தான் பையைத் திறக்கச் சொன்னார். தொப்பி வந்தது, கம்பளிச் சட்டை வந்தது, அதற்குள்ளிருந்து கன்று வந்தது. இது உள்ளே போக முடியாது, பூச்சி பரவும் என்றார். அம்மா தன்னுடைய ஆங்கிலம் முழுவதையும் திரட்டிக்கொண்டு, இது சமையலுக்கு, ஒரே ஒரு செடி, மிக மிகச் சுத்தமானது என்று சொல்லிப் பார்த்தாள். முடியாது என்று அதிகாரி தலையசைத்தார். கடைசியில் அம்மா, நான்கு இலையாவது கிள்ளிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அதுவும் கூடாது என்றார். கன்று டப்பாவோடு ஒரு பெரிய தொட்டிக்குள் போயிற்று. நாய்க்கு ஒரு பிஸ்கட் கிடைத்தது.

அம்மா அழுதாள். விமான நிலையத்தில், அத்தனை பேர் பார்க்க, முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, “விடும்மா. கறிவேப்பிலை இல்லாம நான் சமாளிச்சுக்க மாட்டேனா?” என்றார்.

“ரசத்துக்கு என்னத்தைப் போடுவீங்க?” என்று கேட்டுவிட்டு அம்மா இன்னும் கொஞ்சம் அழுதாள்.

நான் அவள் கையை இழுத்து, வீட்டில் பெரிய செடி இருக்கிறதே, போனதும் நானே பறித்துத் தருகிறேன் என்றேன். அவ்வளவு நல்ல யோசனையைக் கேட்டும் அப்பா பெட்டிகளை எடுக்கப் போய்விட்டார்.

மற்றபடி பயணம் அருமையாகத்தான் இருந்தது. மஞ்சள் கல்லில் கட்டிய ஒரு பழைய வீட்டில் தங்கினோம். கட்டிலுக்கு நான்கு தூணும் திரையும் இருந்தன. மலை உச்சிக்குப் போனோம், முதன்முறையாகப் பனியைத் தொட்டேன். துறைமுகத்தில் படகுகளைப் பார்த்துக்கொண்டே மீன் வறுவல் சாப்பிட்டோம். அப்பா நான் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுத்தார். ஒரு மரக் கங்காரு, ஒரு குல்லாய், இரண்டு முறை ஐஸ்கிரீம். அந்தக் குளிரில் ஐஸ்கிரீம் கூடாது என்று அம்மா சொல்லவே இல்லை. பெற்றோர் இவ்வளவு நல்லவர்களாக மாறக்கூடும் என்றால் அடிக்கடி ஹோபார்ட்டுக்கு வர வேண்டும் என்று நான் முடிவு செய்தேன்.

ஒரு மத்தியானம் பழைய சிறைச்சாலை ஒன்றைப் பார்க்கப் போனோம். அங்கே சுற்றிக் காட்டிய பெரியவர், கைதிகளை அந்தக் காலத்தில் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கிய கதையைச் சொன்னார். ஒழுங்காக நடந்துகொண்டால் ஒரு எஜமானிடம் வேலைக்கு அனுப்புவார்களாம். இன்னும் ஒழுங்காக இருந்தால் ஒரு சீட்டு கொடுப்பார்களாம். அந்தச் சீட்டு இருந்தால் கூலிக்கு வேலை பார்க்கலாம், ஆனால் சொன்ன ஊரை விட்டுப் போகக் கூடாது. அப்பா திடீரென்று சத்தமாகச் சிரித்தார்.

“அடேயப்பா, ஸ்பான்சர் அப்பவே வந்துருச்சு” என்றார்.

அம்மா அவர் முழங்கையில் ஒரு அடி போட்டாள். ஆனால் அவளும் சிரித்துவிட்டாள். கூட்டத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அதில் என்ன வேடிக்கை என்று கேட்டேன். பெரியவளானதும் புரியும் என்றார் அப்பா. அந்த ஒரு வாக்கை அவர் காப்பாற்றிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, யாரோ ஒரு அங்கிள் வீட்டுக்குப் போனோம். அவர் ஊரில் இல்லை, சாவி அப்பாவிடம் இருந்தது. வீட்டின் பின்பக்கம் ஒற்றைக் கட்டில் போட்ட ஒரு அறையும், அடுப்பு வைத்த ஒரு மூலையும் இருந்தன. அம்மா ஸ்வெட்டரின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அந்த மூலையைக் கழுவித் துடைத்தாள். பொடி டப்பாக்களை வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு போட வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். அப்பா நல்ல மாணவனாகத் தலையாட்டினார். குக்கரையும் தோசைக்கல்லையும்கூட அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினோம். இதையெல்லாம் ஏன் விட்டுப் போகிறோம் என்று கேட்டேன். அந்த அங்கிளிடம் ஒன்றுமே இல்லை பாவம், கொடுத்துவிட்டுப் போகிறோம் என்றாள் அம்மா. எங்கள் குடும்பத்தின் தாராள மனதை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

விமான நிலையத்துக்கு அப்பாவும் வந்தார். உள்ளே போகிற நேரத்தில் குனிந்து, “பாப்பா, அப்பாவுக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு. முடிச்சுட்டு வந்துர்றேன், என்னடா?” என்றார். நான் சரி என்றேன். என் கண் முழுவதும் அந்த நாயைத் தேடிக்கொண்டிருந்தது. ஊரை விட்டுப் போகிறவர்களை அது முகர்வதில்லை என்பது எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். நானும் மரக் கங்காருவின் கையை ஆட்டிக் காட்டினேன். அந்த முறை எனக்குக் காய்ச்சல் வரவில்லை. அம்மாவின் திட்டம் அவ்வளவு கச்சிதமாகப் பலித்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சமையலறையில் விளக்கைப் போட்டு, எண்ணெயைக் காய வைத்து, கடுகைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குச் சட்டென்று என் வாக்கு ஞாபகம் வந்தது. கொல்லைக்கு ஓடினேன். கைக்கு எட்டிய இலைகளையெல்லாம் உருவினேன். எட்டாததற்கு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பாவாடை நிறைய அள்ளிக்கொண்டு வந்து மேடை மேல் கொட்டி, “இந்தாம்மா, எவ்வளவு இருக்கு பாரு” என்றேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். முன்னை விட அதிகமாக அழுதாள். செடியை மொட்டையடித்துவிட்டேன், அதுதான் என்று எனக்குப் பட்டது. மிகவும் வருத்தமாக இருந்தது.

அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் வேலையாகச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். பக்கத்து வீட்டு அன்ரியிடம் கேட்டு முட்டை ஓடும் டீத்தூளும் போட்டேன். குளிர்காலம் முடிந்ததும் அது குப்பென்று தளிர்த்தது, முன்பு இருந்ததைவிடச் செழிப்பாக வளர்ந்தது. ஆனால் ராத்திரி அப்பாவிடம் போனில் பேசி முடித்த பிறகு, குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அம்மா அழுவது மட்டும் நிற்கவில்லை. உரம் போதவில்லை என்று நினைத்து நான் இன்னும் கொஞ்சம் டீத்தூள் போட்டேன்.