மூன்று பொருத்தம் பார்த்து அழித்த வரி

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு சிஸ்டம் வேலை. வாலாஜாபாத் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகத்தைப் படித்து எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியைக் கற்றவன் நான். அதனாலோ என்னவோ, யார் திட்டினாலும் பாதி நியாயம் அவர்கள் பக்கம் இருக்கும் என்றே தோன்றும்.

அந்த முறை முழு நியாயமும் இருந்தது. பயிற்சியில் இருக்கும் பெண்களின் பட்டியலை கம்ப்யூட்டரில் இரண்டு தடவை ஏற்றிவிட்டேன். பர்சனல் மேனேஜர் எல்லார் எதிரிலும் என் மேஜையைத் தட்டினார்.

“இன்னாப்பா, உன் கம்ப்யூட்டர்ல ஒவ்வொருத்தியும் ரெண்டு வாட்டி பொறந்துகீறா? நாளைக்கு மத்தியானம் பர்மனென்ட் இன்டர்வியூ லிஸ்ட் போவுது. அதுக்குள்ள தூக்கு.”

வசவாக இருந்தாலும் சொல் அழகாக இருந்ததால் சிரித்துவிட்டேன். அது அவரை இன்னும் கிளப்பிவிட்டது.

இரண்டாம் முறை ஏற்றியபோது ஒவ்வொரு வரிக்கும் புது எண் விழுந்திருந்தது. எண்ணை வைத்து இரட்டையைக் கண்டுபிடிக்க முடியாது. பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள். சின்ன எண் உள்ள வரியை வைத்துக்கொள், மற்றதை டெலீட் செய் என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதினேன். கல்யாணத்துக்கே பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள், நான் மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். அழிக்கும் முன் ஒரு நகல்கூட எடுக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு பெண்ணின் கார்டுக்கு கேட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. ராமநாதபுரம் பக்கத்துப் பெண், இருங்காட்டுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தவள். செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டார்.

“நீங்கதேன் அழிச்சவுகளா?” என்றாள். “ஒரு வருசம் லீவு போடாம வந்திருக்கேன். இன்னைக்கு லிஸ்டுல பேரு இல்லைன்னா ஊருக்குப் பஸ் ஏறணும். என்னத்தைப் பாத்து அழிச்சீக?”

அலமாரியில் விண்ணப்பங்களைத் தேடினேன். அதே பெயரில் இரண்டு. அவளைக் கேட்டதில் விஷயம் தெரிந்தது. இருவரும் பங்காளி வீட்டுப் பிள்ளைகள், இருவருக்கும் குலதெய்வத்தின் பெயர். அப்பாக்கள் அண்ணன் தம்பி. அவர்களுக்கும் ஒரே பெயர்தான், முன்னால் பெரிய, சின்ன என்று மட்டும் வித்தியாசம். பள்ளியில் சேர்த்த வாத்தியார் அந்த இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பிறந்த தேதியைப் போட்டுவிட்டார்.

மேனேஜர் விண்ணப்பங்களோடு இருந்த இரண்டு பள்ளிச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஒருத்தி சர்டிபிகேட்ல இன்னொருத்தி பூந்துகீறா. இந்த ஏரியால நடக்காததா? லைன்ல கீறவளைக் கூப்பிடு. ரெண்டும் வேற வேறன்னு அவ எழுதிக் குடுத்தா சேத்துக்கோ. இல்லன்னா இவ வூட்டுக்குப் போவட்டும்.”

மேனேஜர் அறைக்கு வெளியே நின்றவளுக்கு முகம் செத்துவிட்டது. “அவளா? எங்களுக்குள்ள கிணத்துத் தகராறு. பேச்சு நின்னு ஆறு வருசம். அவ எழுதமாட்டா சார்.”

அசெம்பிளி லைனிலிருந்து வந்த மற்றவள் சித்தப்பா மகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. தலையில் நீலத் தொப்பி, கையில் கையுறை.

“இவளைத் தெரியுமா?” என்றார் மேனேஜர்.

“தெரியாது.”

“அப்ப சர்டிபிகேட் உன்னோடது. இவ உம்பேர்ல வந்துகீறா. ஒரே அப்பா பேரு, ஒரே ஆளு. சரிதானே?”

அவள் கையுறையைக் கழற்றினாள்.

“எது ஒரே அப்பா? இவ அய்யாவும் எங்கய்யாவும் ஒண்ணா? வாயைப் பாத்துப் பேசுங்க சார். எங்காத்தாவுக்குத் தெரிஞ்சா இங்க வந்து நின்னு கேக்கும். எங்கய்யா பெரியவரு. அந்தாளு சின்னவன், கிணத்துல பாதியைத் திங்கிறவன். இவ அந்தாளு மக. பேனாவைக் குடுங்க, எத்தனை எடத்துல வேணும்னாலும் எழுதித் தாரேன்.”

ஒரு இடம் போதும் என்றேன். மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு லைனுக்குப் போய்விட்டாள். பகை இவ்வளவு பளிச்சென்று உண்மை பேசி நான் கேட்டதில்லை.

விண்ணப்பத்தைப் பார்த்து, சேர்ந்த தேதி உட்பட எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன். பழைய எண் கிடைக்காது; கடைசி எண்தான் விழுந்தது. புதுக் கார்டைக் கொடுத்து, லிஸ்டில் அவள் பெயர் இருப்பதையும் காட்டினேன்.

விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தாள்.

“அவ மேல இருக்கா. நான் எதுக்கு அடியில இருக்கேன்?”

“எண் வரிசைம்மா.”

“அவளுக்குக் கீழயா? இதுக்குக் கேட்லயே நின்னிருப்பேன்,” என்று சொல்லிவிட்டு கார்டைப் பிடுங்கிக்கொண்டு ஷிஃப்டுக்கு ஓடினாள்.